உண்மைக்கு எத்தனை மரக்கால்?

ஆழ்ந்த சிந்தனையாளர் என்ற பட்டம் நமது நாட்டில் வெகு மலிவாகக் கிடைக்கிறது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டால் போதும். கேட்டவனுக்கும் புரியாமல், சொன்னவருக்கும் புரியாமல் நாலு வாக்கியம் பேசிவிட்டால் இன்னும் விசேஷம். "ஆஹா, என்ன ஆழம்!" என்று வியந்தபடி கூட்டம் கலைந்து போகும். சேறு கலங்கிய குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தாலும் அடி தெரியாதுதான். இறங்கிப் பார்க்காதவனுக்கு அது ஆழம்.

இந்த மேதாவிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் சொல்கிறார்கள்: உண்மை ஒன்றே, அது என்றும் மாறாதது, அற்ப மனித அறிவால் அதை எட்ட முடியாது, குருவின் காலடியில் உட்கார்ந்தால் ஒருநாள் தானாக விளங்கும். இன்னொரு ரகத்தார் புதிய நாகரிகக்காரர்கள். உண்மை என்று எதுவுமே கிடையாது, உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை என்பது இவர்கள் வாதம். துணைக்கு ஐன்ஸ்டீனையும் இழுத்து வருவார்கள். பாவம் ஐன்ஸ்டீன்! சீராகச் செல்லும் எந்தப் பார்வையாளன் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே என்பதை அஸ்திவாரமாக வைத்து அவர் 1905இல் ஒரு தத்துவத்தைக் கட்டினார். பெயரில் 'சார்பு' இருக்கிறது என்பதற்காக அவரையும் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மேடையில் இந்த இரு ரகத்தாரும் பரம விரோதிகள். ஆனால் உழைப்பாளிக்கு இருவரும் கொடுக்கும் புத்திமதி ஒன்றுதான்: நீ விசாரிக்காதே. முதலாமவர் சொல்வது, உன்னால் முடியாது. இரண்டாமவர் சொல்வது, அங்கே விசாரிக்க ஒன்றுமில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். தத்துவ நூல்களின் பெயர்களை அடுக்கி யாரையும் பயமுறுத்தும் சக்தி எனக்கில்லை. ஆகவே ஒரு ஆஸ்பத்திரிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னாவில், பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். 1846இல் முதல் பிரிவில் பிரசவித்த 4,010 பேரில் 459 பேர் செத்தார்கள். நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. காரணம் பிரசவ ஜுரம். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது நாள் முறைப்படி மாறிமாறி வரும். எந்த நாளில் வலி எடுக்கிறது என்பதே உயிர் போகுமா இருக்குமா என்பதைத் தீர்மானித்தது. "முதல் பிரிவு வேண்டாம்" என்று அந்தப் பெண்கள் முழந்தாளிட்டுக் கதறினார்கள். டாக்டர்களுக்குத் தெரியாத உண்மை அந்த ஏழைகளுக்குத் தெரிந்திருந்தது!

அந்தக் காலத்து ஆழ்ந்த சிந்தனையாளர்கள் என்ன விளக்கம் சொன்னார்கள்? காற்றிலும் பூமியிலும் பரவி நிற்கும் ஏதோ ஒரு தீய சக்தி என்றார்கள். எவ்வளவு கம்பீரமான விளக்கம்! ஆனால் முதல் பிரிவில் இளைய டாக்டராக இருந்த ஹங்கேரிக்காரர் இக்னாஸ் செம்மல்வைஸ் அற்பமான ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே காற்று. அந்தத் தீய சக்திக்கு முதல் பிரிவின் வாசல் மட்டும் எப்படித் தெரிந்தது?

கூட்ட நெரிசல் என்றார்கள். இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாகிறவர்களுக்கு மந்திரம் ஓத வரும் பாதிரியாரின் மணியோசை கேட்டுப் பெண்கள் பீதியில் சாகிறார்கள் என்றார்கள். மணியடிக்காமல் வேறு வழியாக வரச் சொன்னார், சாவு குறையவில்லை. படுக்க வைக்கும் முறை வித்தியாசம் என்றார்கள். அதையும் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்களுக்குக்கூட அந்த ஜுரம் அபூர்வமாகத்தான் வந்தது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கோலெட்ஷ்கா என்ற பேராசிரியர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலில் கண்ட அறிகுறிகள் அந்தத் தாய்மார்களின் உடலில் கண்டவையே. செம்மல்வைஸுக்கு விஷயம் விளங்கியது. டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. சாவைக் கொண்டு வந்தது வைத்தியனின் கை! மே மாதத்திலிருந்து எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். 1848இல் முதல் பிரிவில் 3,556 பிரசவம், 45 சாவு.

இப்போது நமது இரு மேதாவிகளையும் கூப்பிட்டுக் கேட்போம். செம்மல்வைஸ் கண்டது முற்றான உண்மையா, சார்பு உண்மையா?

அவர் கண்டது முழுமையல்ல. பிணத்தின் துகள்களே காரணம் என்று முதலில் நினைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணைச் சோதித்த கையோடு அடுத்தடுத்துப் பன்னிரண்டு பேரைத் தொட்டார்கள், பதினொருவர் மாண்டார்கள். பிணம் மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலும் கொல்லும் என்று தமது கருத்தை அவர் திருத்திக்கொண்டார். கிருமியை அவர் அறியவில்லை. இந்த ஜுரத்துக்குக் காரணமான சங்கிலிக் கிருமியைப் பாரிஸில் பாஸ்டர் படம் போட்டுக் காட்டியது 1879இல். அப்போது செம்மல்வைஸ் இறந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. வியன்னாவில் பதவியை நீட்டிக்க மறுத்தார்கள். பெரிய பேராசிரியர்கள் அலட்சியம் செய்தார்கள். 1865இல் ஒரு மனநோய் விடுதியில் தமது 47ஆம் வயதில் செத்தார்.

ஆனால் பாஸ்டர் வந்ததும் கை கழுவுவது பொய்யாகிவிட்டதா? கழுவாத கை கொல்லும் என்பது 1847இல் உண்மை, இன்றும் உண்மை, யார் ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் உண்மை. அதைச் சுற்றியிருந்த விளக்கம்தான் திருந்தியது, வளர்ந்தது. லெனின் 1909இல் வெளியிட்ட தத்துவ நூலில் வாதிட்டது இதைத்தான். நமது அறிவு ஒவ்வொரு காலத்திலும் குறையுள்ளது. ஆனால் அந்தக் குறையுள்ள அறிவுக்குள் அசைக்க முடியாத ஒரு பங்கு இருக்கிறது. அது கூடிக்கொண்டே போகிறது. அவருக்கு முன்பே எங்கெல்ஸ், டூரிங் என்பவரின் 'நிரந்தர உண்மை' ஜம்பத்தைக் கிண்டல் செய்திருக்கிறார். நெப்போலியன் 1821 மே 5 அன்று இறந்தான் என்பது நிரந்தர உண்மைதான். அதை அறிவிக்க இவ்வளவு பெரிய தம்பட்டம் எதற்கு என்பது அவர் கேலியின் சாரம்.

சரி, 'உனக்கு உன் உண்மை' என்ற உபதேசத்தால் யாருக்கு லாபம்? கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளி அதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டான். மிராசுதார் வீட்டில் நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். இது மிராசுதாரின் உண்மை, அது பண்ணையாளின் உண்மை என்று அவன் சமாதானம் அடைந்தானா? முத்திரை போட்ட மரக்கால் கொண்டு வா என்று சங்கம் வைத்துக் கேட்டான். இரு தரப்புக்கும் பொதுவான, இருவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாத ஒரு அளவு உண்டு என்பதே அந்தக் கோரிக்கை. பெரிய தத்துவப் பேராசிரியர்களுக்கு எட்டாதது அவனுக்கு எட்டியது.

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்தார்கள். பார்வைக்குப் பார்வை உண்மை மாறுமாம். எந்தப் பார்வையில் அது 43 ஆகும்?

அமெரிக்காவிலும் இந்தச் சரக்குக்கு நல்ல விலை உண்டு. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950லேயே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டிவிட்டார்கள். சிகரெட் கம்பெனிகள் அதை நேராக எதிர்த்து நிற்க முடியவில்லை. ஜனங்களின் மனத்தில் சந்தேகத்தை உற்பத்தி செய்வதே தங்கள் வேலை என்று 1969இல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பு எழுதியது. பிற்பாடு அது அம்பலத்துக்கு வந்துவிட்டது. "இன்னும் நிச்சயமில்லை, இரு பக்கமும் பார்க்க வேண்டும்" என்று பேசிப்பேசியே மேலும் பல ஆண்டுகள் வியாபாரம் நடந்தது.

நமது தரப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரை. சோவியத் நாட்டில் 1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கோஷ்டி, பாரம்பரிய மரபியலை 'பூர்ஷ்வா விஞ்ஞானம்' என்று சொல்லித் தடை செய்ய வைத்தது. அதற்கு முன்பே, உலகெங்கும் சுற்றி விதைகளைத் திரட்டிய மாபெரும் விஞ்ஞானி வவிலோவ் 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். கோதுமைக்கு வர்க்கம் தெரியாது. லைசென்கோ சொன்னபடி அது விளையவில்லை. மேலிடத்துத் தயவிலும் கைதட்டலிலும் நின்ற அவருடைய ஆதிக்கம் 1965 வாக்கில் முடிந்தது. 'எங்கள் வர்க்கத்துக்கு எங்கள் உண்மை' என்று நம்மவர் சொன்னாலும் அது அதே இரட்டை மரக்கால்தான். லெனின் வாதிட்டதற்கு அது நேர் விரோதம். சில தோழர்களுக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

படிப்பு வட்டங்களில் இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "அப்படியானால் ஆழ்ந்த சிந்தனையாளன் யார், தோழர்?" என் பதில் இதுதான். பாதிரியாரின் மணியை நிறுத்திப் பார்க்கத் தோன்றியவன். தன் கருத்து எங்கே உடையும் என்று தானே தேடிப் போகிறவன். கணக்குத் தனக்கு விரோதமாக வந்தாலும் கணக்கை மாற்றாதவன். பட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நின்றுபோன பம்பு செட்டைப் பிரித்து, "இதுவல்ல, இதுவுமல்ல" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்கிடம் அந்தக் குணத்தை நான் பார்த்திருக்கிறேன். மேடைகளில் அடிக்கடி பார்த்ததில்லை.

உண்மையே கிடையாது என்று முழங்கும் கனவானை அடுத்த முறை எங்கேனும் சந்தித்தால் வாதாட வேண்டாம், தோழர்களே. மாதச் சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தால் அவர் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு எந்த மேஜைக்கு ஓடுகிறார், அங்கே என்ன பேசுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.