கையில் கட்டிய கடிகாரம் யாருக்குக் கட்டுப்பட்டது?

நாக்பூர், சண்டிகர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கைகளில் ஜிபிஎஸ் கடிகாரங்களைக் கட்டின. பணியாளர் வந்த நேரத்தையும் நின்ற இடத்தையும் அக்கருவி அலுவலகத்துக்கு அனுப்பியது. தலைமுறைகளாகச் சாதியால் இத்தொழிலுக்குள் தள்ளப்பட்டோர் மீதே இக்கண்காணிப்பு ஏவப்பட்டது.  இதை அந்தரங்க உரிமை மீறல் என்று எதிர்த்தோம். அது சரியே. ஆயினும் அக்கருவிக்குள் இயங்கும் நிரலை யார் படிக்கலாம் என்று நாம் கேட்கவில்லை.

அக்கேள்வி கூலியைப் பற்றியது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் சமிக்ஞை எதிரொளிப்பதால், பணியாளரின் இருப்பிடம் பல மீட்டர் பிறழ்ந்து பதிவாகக்கூடும். அப்பிறழ்வைப் பொறுத்துக்கொள்வதா, அவர் பணியிடத்தில் இல்லை என்று குறிப்பதா என்பதைத் தீர்மானிப்பது நிரலே. வருகைப் பதிவோடு கூலி பிணைக்கப்படும்போது, ஒரு வரி நிரல் ஒரு நாள் உணவைப் பறிக்கும்.

இத்தகைய சிறு கருவிகளுக்கான திறந்த மூல மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. 2003இல் ரிச்சர்ட் பாரி தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் இன்று எம்ஐடி உரிமத்தின் கீழ் கிடைக்கிறது. லினக்ஸ் அறக்கட்டளையின் செஃபிர், அப்பாச்சி உரிமத்தின் கீழ் கிடைக்கிறது. இவற்றை எவரும் எடுத்தாளலாம். ஆனால் இவ்விரு உரிமங்களும், எடுத்தாளும் நிறுவனம் தான் சேர்த்த நிரலை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பொதுவில் விளைந்ததை எடுத்துத் தன் கருவிக்குள் பூட்டிவைக்க நிறுவனத்துக்குச் சுதந்திரம் உண்டு. பூட்டைத் திறக்கச் சொல்லப் பணியாளருக்கு உரிமை இல்லை. லினக்ஸ் கருவகத்தை ஆளும் ஜிபிஎல் உரிமம் இதற்கு மாறானது: மாற்றிய நிரலைக் கருவியோடு விற்பவர் அதன் மூலத்தையும் தந்தாக வேண்டும்.

நீதிமன்றமும் இக்குறையை நிரப்பிவிடாது. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம், பிரிவு 63, மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் கேட்கிறது. வருகையைக் கணித்த நிரலைக் காட்டும்படி கேட்பதில்லை. நிறுவனம் பதிவை நீட்டும். பணியாளரிடம் மறுப்பதற்குத் தன் சொல் மட்டுமே இருக்கும்.

எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும் கட்டத்திலேயே நாம் தலையிட வேண்டும். அரசின் மென்பொருள் கொள்முதலில் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை ஒன்றிய அரசு 2015இலேயே வெளியிட்டுள்ளது. கூலியைத் தொடும் கருவிகளுக்கும் அவற்றின் வழங்கிகளுக்கும் அதனைக் கட்டாய நிபந்தனையாக்கக் கோருவோம். பணியாளர் தன் பதிவின் நகலைப் பெறவும், பிழையை முறையிடவும், முறையீடு தீரும்வரை கூலிப்பிடித்தம் நிறுத்தப்படவும் வழி வேண்டும்.

முதற்படியாக, உங்கள் மாநகராட்சியின் ஒப்பந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வணிக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தர அதே பிரிவு 8(1)(டி) இடமளிப்பதை எடுத்துக்காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். நிரல் கையில் கிடைக்கும் நாளில் அதைப் படித்துச் சொல்லப் பொறியியல் மாணவர்கள் தொழிற்சங்கத்தோடு நிற்க வேண்டும்.