மழலையும் பிழையும்



சென்ற விடுமுறையில் திக்லிபூரில் உள்ள எம் தமக்கையார் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய மகனுக்கு வயது மூன்றரை. முற்றத்துத் தென்னையில் காக்கை ஒன்று வந்தமர்ந்தது. "மரத்துல தாத்தா!" என்று கூவினான் சிறுவன். வந்திருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து மகிழ்ந்தோம். மாலைக்குள் அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். வேண்டியதை விரலால் சுட்டினான். "வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் இந்தி, அண்டை வீட்டில் வங்காளம். இந்தக் குழப்பந்தான் காரணம். இனி வீட்டில் தமிழ் வேண்டாம்" என்றார் தமக்கையார்.

நாம் இருப்புப்பாதை அலுவலக எழுத்தரேயன்றி மருத்துவர் அல்லோம். எனினும் கற்றறிந்ததைக் கூறுவது கடமை.

இதழ்களால் பிறக்கும் ஒலிகள் குழந்தைக்கு எளியவை. ஆதலின் அம்மாவும் அப்பாவும் முந்துகின்றனர். நாவின் பின்புறத்தால் பிறக்கும் 'க' அரிது. அதனிடத்தில் 'த' வருகிறது. காக்கா தாத்தாவாவது இதனாலேதான். பெரும்பாலும் நான்கு வயதளவில் இது மறையும். 'ஸ்கூல்' என்பது 'கூல்' ஆவதும், 'தக்காளி' என்பது 'காளி' ஆவதும் இத்தகையனவே. ரகரமும் ழகரமும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். இத்துணை நுட்பமான ஒலிகள் ஆறு, ஏழு வயது வரை தாமதிப்பதும் உண்டு. பெற்றோரே 'பளம்' என்னும் வீட்டில் பிள்ளையைக் குறைகூறுதல் முறையன்று.

குழந்தையின் செவி நாவினும் முந்தியது. 1960-இல் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரௌன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினர். தன் பொம்மை மீனை 'ஃபிஸ்' என்று சொல்லிவந்த அவன், பெரியவர் அவ்வாறே சொன்னபோது மறுத்தான். 'ஃபிஷ்' என்றபோதே ஒப்பினான். நாமும் மருமகனிடம், "அது தாத்தாவா?" என்று வினவினோம். சினத்துடன் தலையசைத்து மறுத்தான். "காக்காவா?" என்றதும் முகம் மலர்ந்தான். அவன் அறியாதவன் அல்லன். அவன் நா இன்னும் பழகவில்லை, அவ்வளவே.

பல மொழி கேட்பதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை. தாய்மொழியை நிறுத்தினால் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பேச்சே குன்றும். குழந்தை பிழைபடச் சொன்னால், "ஆம், காக்கா! கறுப்புக் காக்கா!" என்று திருத்தமாகச் சொல்லிக் காட்டுக. திரும்பச் சொல்லென வற்புறுத்தற்க. பிறர் முன் நகையாடற்க.

ஆயினும் வாளாவிருக்கலாகாத நேரமும் உண்டு. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காமை, நான்கு வயதிலும் அயலார்க்குப் பேச்சு விளங்காமை, காதில் சீழ் வடிதல், அழைத்தால் திரும்பாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் முதலில் செவியைச் சோதிக்கச் செய்க. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை உண்டு. மைசூரில் 1965 முதல் இதற்கெனவே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இயங்குகிறது. திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) செல்லவே ஒரு பகற்பொழுது கழியும் என்பதை அறிவோம், எனினும் தள்ளிப்போடற்க.

தமக்கையாரின் மடல் நேற்று வந்தது. வீட்டில் தமிழ் தொடர்கிறது. காக்கை இன்னும் தாத்தாவாகவே இருக்கிறதாம். ஆனால் பிள்ளை மீண்டும் வாய்திறந்து பேசுகிறானாம். நகைத்த எம் பிழையை அவன் மறந்துவிட்டான், நாம் மறக்கவில்லை.