ஜவ்வாது மலைக்கு விருந்தாளிகளாய்ச் செல்வோம்

சுற்றுலா என்றதும் உதகை, கொடைக்கானல் என்றே நம் மனம் தாவுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? தோழியர் எழுவர், பெற்றோர் துணையுடன், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, ஆலங்காயம் வழியாக இறங்கினோம். பீமன் அருவியின் இரைச்சல் இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் நாங்கள் எழுத விரும்புவது அருவியைப் பற்றியன்று.

வழியில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வேனில் வந்த சிலர் ஒரு வார்த்தை கேளாமல் அவரைப் படம் பிடித்தனர். பின்னர் அவரிடமே தேன் வாங்கப் பாதி விலைக்குப் பேரம் பேசினர். கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், மலைப் பெண்ணிடம் மட்டும் பேரம் பேசுவது என்ன நியாயம்? சாமை மிகச் சிறிய தானியம். உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் அரிசியாகும். அந்தக் கைகளின் கூலியைத்தான் நாம் குறைக்கிறோம்.

இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். கேரளத்தவர் அல்லர், மலையில் வாழ்வோர் என்பதே பொருள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பேசுவது நம் தமிழே! செங்கத்து மன்னன் நன்னனைக் காண மலைவழியே செல்லும் கூத்தரை, மலைவாழ் குடிகள் உறவினர்போல் வரவேற்று உணவளிப்பர் என்கிறது மலைபடுகடாம். ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறும் அந்நூலில் வருகிறது. அத்தகைய மலைநாட்டிற்கு வேடிக்கை பார்ப்பவராகப் போகலாமா?

காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியை எல்லோரும் வியக்கிறார்கள், வியக்கத்தக்கதே. இதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பழங்குடிப் பெண், குழந்தை பெற்ற இரண்டாம் நாளே சென்னைக்குச் சென்று தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்ச்சி பெற்றார். இதை நம் வகுப்பில் எத்தனை பேர் அறிவோம்?

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுக்குமாறு தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். சொன்ன விலைக்கே சாமை வாங்கி வருவோம். விடுதியில் ஒரு நாள் சாமைச் சோறு ஆகட்டும்.