மழை தவறினால் பூச்சிக்கு விருந்து

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு, வயல் என்பது இரயில் பலகணியில் ஓடும் பசுமை மட்டுமே. கன்னிப்பூ எப்போது, கும்பப்பூ எப்போது என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? என் கை பாதிதான் உயரும். ஆயினும் இதைச் சொல்லாதிருக்க இயலவில்லை.

1973-74ஆம் ஆண்டில் குட்டநாட்டு நெற்பயிர் திட்டுத் திட்டாகக் கருகிற்று. தீ வைத்தார் எவருமில்லை. மலையாளிகள் முஞ்ஞ என்றும் நாம் புகையான் என்றும் சொல்லும், நெல்மணியினும் சிறிய பூச்சி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டது. பூச்சி புதிதன்று. புதிய குட்டை நெல்லும், நெருக்கமான நடவும், அள்ளிக் கொட்டிய யூரியாவும்தாம் புதியவை.

உடனே மருந்தடி என்பதே அன்றைய விடை. இன்றும் பலருக்கு அதுவே விடை. மேலே தெளிக்கும் மருந்து அடித்தண்டுப் பூச்சியை எளிதில் எட்டுவதில்லை. அதைத் தின்னும் சிலந்தியையோ தவறாமல் கொல்கிறது. காவலனைக் கொன்றபின் கள்வன் பெருகுவதில் வியப்பென்ன? இந்தோனேசிய அரசு இதனை உணர்ந்து 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்வயலுக்கு ஆகாதென விலக்கிற்று.

இப்போது வானிலையும் மாறுகிறது. புவி வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும், நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சிகளால் வரும் இழப்பு நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை கூடுமென 2018இல் வந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. அவ்வேற்றம் குளிர்நாடுகளிலேயே மிகுதி என்றும் அதுவே கூறுகிறது. நமக்கு அச்சம் வேறு. மழை தவறினால் ஒருவர் இன்று நடுவார், அடுத்தவர் மாதங்கழித்து நடுவார். ஒரு வயல் முற்றும்போது பக்கத்து வயல் இளம்பயிர். பூச்சிக்கு விருந்து ஓய்வதேயில்லை. ஆகவே பேச்சிப்பாறைத் தண்ணீரைத் திறக்கும் நாளும் ஊர் ஒன்றுகூடி நடும் நாளும் பொருந்துவதே முதல் மருந்து என்பேன்.

இரண்டாவது, விதை. அன்று சென்னை மாகாணத்திலிருந்த பட்டாம்பியில் 1927இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்குத் தேர்ந்த பி.டி.பி. 18, ஐ.ஆர். 36 என்னும் நெல்லுக்கு முன்னோர்களுள் ஒன்றாகி, புகையானைத் தாங்கும் ஆற்றலை உலகுக்குக் கொடுத்தது. ஆனால் ஒரே இனத்தை நம்பியிருத்தல் தகாது. 1973இல் பிலிப்பைன்சில் வெளியான ஐ.ஆர். 26இன் எதிர்ப்பாற்றலைப் பூச்சி மூன்றாண்டுக்குள் வென்றுவிட்டது. மங்கொம்பு தந்த உமாவைக் குட்டநாடெங்கும் விதைப்போர் இதை நினைக்க வேண்டும்.

எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதல், நீரை வடித்துக் காயவிடுதல், குத்தை விலக்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணுதல் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டா, ஆள் வேண்டும். வேளாண்மைக் கல்லூரியோ நம் நகரின் வெள்ளாயணியிலேயே இருக்கிறது. அங்குப் பயிலும் தமிழ் மாணவரை அழைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறையில் நம் மன்றத்தார் பத்துப் பேர் தோவாளை வயல்களில் இறங்கினால் என்ன? எண்ணுவதற்கு நான் வருகிறேன்.