பங்குனியில் போய்ப் பாருங்க, அந்த இடம் காலியா இல்ல

பழவேற்காடுன்னு சொன்னதும் உங்க மனசுல வர்றது பூநாரைதானே? படகு எடுத்து, கூட்டத்துக்குப் பக்கத்துல விட்டு, மொத்தமா எழும்பிப் பறக்கும்போது ஒரு ரீல்ஸ். டிசம்பர், ஜனவரியில பாதி பேர் ஸ்டேட்டஸ்ல இதான் ஓடுது. மாசி, பங்குனியில் பறவைகள் கிளம்ப ஆரம்பிச்சதும் "சீசன் முடிஞ்சது"ன்னு நாமும் கிளம்பிடுறோம்.

நான் சொல்ல வர்றது இதுதான்: அந்தக் கரையோட இன்னொரு சீசன் அப்போதான் நடக்குது. அதை யாரும் பார்க்காததால்தான் அந்த நிலத்தைக் "காலி இடம்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவே இருப்பது மணல்தான். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே காட்டுப்பள்ளி வரை நீளும் மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரியும் பக்கிங்ஹாம் கால்வாயும். மீனவக் குப்பங்கள் இந்த மணலை ஒட்டித்தான் இருக்கின்றன.

இந்த மணல் ஏன் காற்றில் பறந்து போகாமல் நிற்கிறது? அடம்பங்கொடி. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் மாதிரி பூக்கும். காலையில் விரிந்த பூ வெயில் ஏறினால் வாடிவிடும். கொடி ஓடுகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் இறக்கி மணலைப் பிடித்துக்கொள்ளும். கூடவே முள்ளு முள்ளாக ராவணன் மீசைப் புல். காற்று கொண்டுவரும் மணலை இவை தடுத்துத் தடுத்துத்தான் மேடு உருவாகிறது. அந்த மேடுதான் புயல் அலைக்கு முதல் தடுப்பு. மழைநீர் நல்ல தண்ணியா தேங்குவதும் அதன் அடியில்தான். ஒரு சிவில் ஸ்டூடண்ட் கோடிக்கணக்கில் எஸ்டிமேட் போடுகிற வேலையை ஒரு கொடி சும்மா செய்துகொண்டிருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் அடும்பும் ஒன்று. நம்ம பிளானில் அதுக்குப் பேர் "புதர்".

அதே மாதங்களில் அதே மணலுக்கு ராத்திரி வர்ற ஆள் இன்னொருத்தர். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. தமிழில் பங்குனி ஆமை. எந்த மாதம் கரைக்கு வரும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். முட்டையிட்டு ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். கரையில் பளீரென்று லைட் இருந்தால் கடலுக்குப் பதிலாக ஊருக்குள் போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை இந்த ஆமைகள்தான்.

சட்டம் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, உப்புச் சதுப்பு எல்லாம் அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் முதல் வகையில் இருக்கின்றன. ஆனால் பல திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தின் தரவு போதும். அந்த ஒரு பருவத்தில் ஆமை வரவில்லை என்றால்?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் பல வருஷமாக நிலுவையில் இருக்கிறது. 2021-லும் 2023-லும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். கரை அரித்து மணல்திட்டு உடைந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பது மீனவர்களின் பயம். ஏரியில் எந்த ஊர் எந்த நாள் வலை போடலாம் என்று முறை வைத்து, "பாடு" என்ற பெயரில் தலைமுறைகளாகப் பங்கிட்டு மீன்பிடிப்பவர்கள் அவர்கள். தண்ணீர் கணக்கு அவர்களுக்குத் தெரியாதா?

"அப்போ துறைமுகமே வேணாமா? வேலைவாய்ப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிளேஸ்மெண்ட் டென்ஷன் எனக்கும் உண்டு. ஆனா இறால், நண்டு, மடவை பிடிப்பதும் வேலைதான். புதிதாக வரப்போகும் வேலையை எண்ணும்போது, ஏற்கெனவே இருக்கிற வேலையையும் எண்ணிவிட்டுப் பேசுவோம். "காலி" என்று எழுதிவிட்டால் அந்த எண்ணிக்கையே தேவைப்படாது. அதுதான் அந்த வார்த்தையில் இருக்கும் பிரச்சினை.

அதனால இந்தப் பங்குனியில் ஒருமுறை போங்க. பொன்னேரி வரை லோக்கல் ட்ரெயின், அங்கிருந்து பஸ். பறவைகளைத் துரத்த படகு வேண்டாம். காலையிலேயே கரையில் நடந்தால் போதும், பத்து மணிக்கு மேல் பூ வாடிடும். கொடியை மிதிக்காதீங்க. பக்கத்தில் வலை பிரிக்கிற அண்ணன்கிட்ட அந்தச் செடிக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க.

இன்னும் நாலு வருஷத்துல நம்மள்ல யாரோ ஒருத்தர் டேபிளுக்கு ஒரு கடற்கரை டிராயிங் வரும். அதில் "காலி இடம்" என்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேளுங்க: சர்வேக்கு எந்த மாசம் போனீங்க?