லிமிட்டைக் கூட்ட முன்னம் திறந்ததை மூடுங்க

மாவடிப்பள்ளியில நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து பழைய கடதாசிகளை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கோம். பாடசாலை மலர், கையெழுத்துச் சஞ்சிகை, விளையாட்டுக் கழக நோட்டீஸ், ஆரோ அலுமாரிக்குள்ள வச்சு மறந்துபோன கவிதைக் கொப்பி. 2004 சுனாமி கல்முனைக் கரையோரத்தில மனிசரோட சேர்த்து எத்தினையோ வீட்டுக் கடதாசிகளையும் கொண்டுபோனது. 2024 நவம்பர் வெள்ளத்தை எங்கட ஊரில ஆருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்ல. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்துத் தமிழ் எழுத்துக்குச் செய்கிற வேலையை, ஊரளவில சின்னதாகச் செய்து பார்ப்பம் எண்டுதான் தொடங்கினோம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு படம். 1,300 பக்கம் சேர்ந்ததும் எல்லாத்தையும் ஒரே பிடிஎப் ஆக்க, பைதனில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். உபுண்டு லெப்டொப். ஆயிரத்தைத் தாண்டிக் கொஞ்சத்திலேயே நின்டிட்டு: "டூ மெனி ஓப்பன் பைல்ஸ்".

தேடினா எல்லா இடத்திலயும் ஒரே மருந்து: லிமிட்டைப் பத்து லட்சம் ஆக்கு. அட்மின் பாஸ்வேர்ட் குடுத்து, விளங்காத ரெண்டு வரியை ஒட்டி, திரும்ப லொகின் பண்ணினோம். வேலை செய்தது. அடுத்த கட்டு 3,000 பக்கம். இந்த முறை எரர் எதுவும் வரல்ல, லெப்டொப்தான் அப்படியே உறைஞ்சுபோச்சு. பட்டனை அமத்தி நிப்பாட்டினதில, சேவ் பண்ணாம வச்சிருந்த அட்டவணையும் போச்சு. ரெண்டு நாள் தட்டச்சு.

பிறகுதான் அந்த லிமிட் என்னத்துக்கு இரிக்கி எண்டு படிச்சோம். கெம்பஸ் லைப்ரரியில ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில இத்தனை புத்தகம்தான் எண்டு கணக்கு இரிக்கிதானே, அதேதான் இதுவும். ஒரு புரோகிராம் பைலைத் திறக்கும்போது இயங்குதளம் அதுக்கு ஒரு இலக்கம் குடுக்கும். 0, 1, 2 மூன்றும் தொடக்கத்திலேயே போயிரும். நெட்வேர்க் இணைப்பும் ஒரு இலக்கம் எடுக்கும். லினக்ஸில் வழமையான எல்லை 1024, மெக்கில் 256. எங்கட ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படத்தையும் திறந்து, ஒண்டையும் மூடாம, பட்டியலில வச்சுக்கொண்டே போனது. புத்தகத்தைத் திருப்பிக் குடுக்காம, கார்ட்டில எல்லையைக் கூட்டித் தாங்க எண்டு லைப்ரேரியனோட சண்டை பிடிச்ச கதைதான்.

1024 எண்டது வானத்தில இருந்து வந்த எண் இல்ல. 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோட வந்த 'செலக்ட்' எண்ட அழைப்பை லினக்ஸில் பயன்படுத்துற புரோகிராம்களுக்கு, 1024இல் தொடங்கி அதுக்கு மேல இலக்கம் வந்தால் கணக்குப் பிசகும். பக்கத்து நினைவகத்தில எழுதிப்போடவும் கூடும். அதனாலதான் 2018 டிசம்பரில் வெளிவந்த சிஸ்டம்டி 240, கடின எல்லையை 5,24,288 ஆக உயர்த்தியும் மென் எல்லையை 1024லேயே விட்டது. மென் எல்லைதான் இப்ப நடைமுறையில இருக்கிறது. கடின எல்லை வரைக்கும் அதை நாங்களே உயர்த்தலாம், பாஸ்வேர்ட் தேவையில்ல. டெர்மினலில் 'யூலிமிட் -எச்என்' அடிச்சா உங்கட மெசினில கடின எல்லை எவ்வளவு எண்டு காட்டும். 'யூலிமிட் -என் 4096' அடிச்சா அந்த ஜன்னலுக்கும் அதுக்குள்ள ஓடுற புரோகிராமுக்கும் மட்டும் கூடும். ஜன்னலை மூடினா பழையபடி. இவ்வளவு லேசான வழி இருக்க, முழு மெசினுக்கும் பத்து லட்சம் எண்டு எழுதச் சொல்லுறதுதான் எங்களுக்குக் கோபம்.

கூட்டவே கூடாது எண்டு சொல்லல்ல. சேர்வர் ஓட்டுற ஆக்களுக்கும், ஆயிரக்கணக்கான இணைப்பைத் தாங்கிற புரோகிராமுக்கும் 1024 காணாது. ஆனா எல்லையை அளவில்லாமக் கூட்டினா சில பழைய புரோகிராம்கள், தொடங்கும்போது ஒவ்வொரு இலக்கத்தையும் மூடிப் பார்த்தே நேரத்தைத் தின்னும். தேவையான எண்ணைத்தான் குடுக்கணும்.

கியூபிடிஎப் எண்ட இலவசக் கருவி இதில நல்ல உதாரணம். இணைக்கிற பைல் 200ஐத் தாண்டினா, எல்லாத்தையும் திறந்து வச்சிருக்காம, தேவைப்படும்போது திறந்து மூடும். அதுக்கு லிமிட்டைத் தொடவே தேவையில்ல.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு" எண்டு ஒரு நானா கேட்டார். எங்கட ஊர்க் கடதாசியைக் காப்பாத்த ஐடி படிச்ச ஆள் வரும்வரை காத்திருந்தா, அதுக்குள்ள இன்னொரு மாரி வந்திரும். விளங்காத வரியை ஒட்டினா, காப்பாத்தப் போனதை நாங்களே அழிச்சிருவோம். ரெண்டும் எங்களுக்கு நடந்ததுதான்.

இப்ப ஸ்கிரிப்ட் நூறு நூறு பக்கமாக எடுத்து, ஒவ்வொரு நூறையும் மூடிப்போட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். கடைசியில கியூபிடிஎப் இணைக்கும். ஒட்டின ரெண்டு வரியையும் அழிச்சாச்சு. 3,000 பக்கக் கட்டு 1024லேயே முடிஞ்சுது. அட்டவணைதான் இன்னும் பாதி தட்ட இரிக்கி.