எம்.பி.ஏ. சேர்க்கையில் வெளிநாட்டு அனுபவம்: எங்கள் நிலைப்பாடு

எம்.பி.ஏ. சேர்க்கையிலும் வேலைத் தேர்விலும் வெளிநாட்டு அனுபவத்துக்கு மதிப்பு தரத்தான் வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் எத்தனை நாடுகளுக்குப் போய்வந்தார் என்று எண்ணி அதை அளக்கக் கூடாது. வேறு பழக்கவழக்கம் உள்ளவர்களோடு எவ்வளவு காலம், என்ன பொறுப்பில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். ஊரை விட்டு நகராமலே அந்தப் பயிற்சியைப் பெற்றவருக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும். 1957இல் பிரான்சில் தொடங்கி, 2000இல் சிங்கப்பூரிலும் வளாகம் திறந்த இன்சியாட் போன்ற மேலாண்மைப் பள்ளிகள் சர்வதேச நாட்டத்தை ஒரு தகுதியாகவே எடைபோடுகின்றன. அதைக் காட்டி, இரண்டு வார வெளிநாட்டுப் படிப்புச் சுற்றுலாவை ‘விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்’ என்று விற்பவர்களும் உண்டு. கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோரை நினைத்துத்தான் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

வெளிநாட்டு வாழ்க்கை சிந்தனையை மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆய்வாளர்கள் வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளி மாணவர்களுக்கு உளவியலாளர் கார்ல் டங்கரின் பழைய புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய சிறு ஆணிகள். மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியையே சுவரில் அடித்து அதன்மேல் மெழுகுவத்தியை நிறுத்துவதுதான் விடை. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களில் 60 சதவீதம் பேர் இதைக் கண்டுபிடித்தார்கள். வாழாதவர்களில் 42 சதவீதம் பேர்தான். சுற்றிப் பார்த்துவிட்டு வந்த காலத்துக்கும் விடைக்கும் தொடர்பே தென்படவில்லை. 2018இல் கலின்ஸ்கி உள்ளிட்டோர் வெளியிட்ட இன்னோர் ஆய்வும், தன்னைப் பற்றிய தெளிவு ஒருவருக்கு வருவது பார்த்த நாடுகளின் எண்ணிக்கையால் அல்ல, வெளியே வாழ்ந்த காலத்தின் நீளத்தால் என்று காட்டியது.

திறந்த மனம் உள்ளவர்கள்தான் வெளிநாடு போகிறார்கள், போனதால் அவர்கள் மாறவில்லை என்று சிலர் மறுப்பார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் 2014இல் மேடக்ஸ் குழு, 10 மாத எம்.பி.ஏ. படிப்பு ஒன்றின் மாணவர்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பார்த்தது. பிற பண்பாட்டினரோடு ஈடுபாட்டுடன் பழகியவர்களிடம், முரண்படும் கருத்துகளை இணைத்துப் பார்க்கும் திறன் வளர்ந்திருந்தது. வேலை அழைப்புகளும் அவர்களுக்குக் கூடுதலாக வந்தன. எல்லோரும் ஒரே படிப்பில்தான் இருந்தார்கள், ஈடுபாடுதான் வேறுபட்டது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளை மோனிகா ஹமோரியும் புராக் கொயுன்ஜுவும் 2011இல் ஆராய்ந்தபோது, வெளிநாட்டுப் பணிக்குப் போனவர்கள் உச்சப் பதவியை எட்டக் கூடுதல் காலம் ஆனது தெரிந்தது. வெளிநாடு போனால் பதவி தானாக உயரும் என்று மாணவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது. தொலைவில் இருப்பவரைத் தலைமையகம் எளிதில் மறந்துவிடுகிறது என்றே நாங்கள் கருதுகிறோம். அதைத் திருத்த வேண்டியவை நிறுவனங்கள்தான்.

எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பது. ஜெர்மானிய மாணவர் விசா கேட்காமலே பல நாடுகளுக்குப் போய்வரலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஐரோப்பாவுக்குப் போவதற்கான ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரமும் காப்பீடும் காட்டிக் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் வேலையைப் பாருங்கள். லேப் டிப், அதாவது நிறம் பார்க்கச் சாயமேற்றிய துணி மாதிரி, சரியில்லை என்று ஜெர்மனி பையர் மறுபடியும் திருப்பி அனுப்புகிறார். இதற்குமேல் நிறம் வராது என்கிறார் சாயப்பட்டறைக்காரர். ஷிப்மெண்ட் தேதி நெருங்குகிறது. பையரிடம் எதை வெளிப்படையாகச் சொல்வது, எவ்வளவு அவகாசம் கேட்பது, விலையைக் குறைப்பதா, சரக்கை விமானத்தில் அனுப்புவதா என்று அன்று மாலைக்குள் அந்த மெர்ச்சண்டைசர் முடிவெடுத்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவர் ஒருமுறைகூட விமானம் ஏறாதவராக இருக்கலாம். அவருக்குச் சர்வதேச அனுபவம் இல்லை என்று எந்தச் சேர்க்கைக் குழு சொன்னாலும் அது தவறு. அவர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கலாம். பரிந்துரைக் கடிதம் எழுத மேலாளர் இருக்கிறார். நேர்காணலில் ஒரே ஒரு ஆர்டரைப் பற்றித் துருவிக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். பாஸ்போர்ட் முத்திரை இந்த அளவுக்குக்கூட எதையும் சொல்வதில்லை.

ஆகவே மேலாண்மைப் பள்ளிகளை நாங்கள் கேட்டுக்கொள்வது: வேறு நாட்டினரோடு சேர்ந்து எடுத்த கடினமான முடிவு ஒன்றை விவரிக்கும்படி விண்ணப்பத்தில் கேளுங்கள், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு: வெளிநாட்டில் வேலையோ நீண்ட படிப்போ கிடைத்தால் தயங்காமல் போங்கள். இரண்டு வாரச் சுற்றுலாவுக்காகக் கடன் வாங்காதீர்கள்.